‘என் குடும்பம்’ பாடத்தை மழலையர் வகுப்பில் எப்படித் தொடங்குவது?

கேள்வி (மழலையர் வகுப்பு ஆசிரியர்)

அனைவருக்கும் வணக்கம். நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு ‘என் குடும்பம்’ என்ற பாடத்தை விரைவில் தொடங்க இருக்கிறேன். புத்தகத்தில் அப்பா, அம்மா, ஒரு மகன், ஒரு மகள் என நால்வர் நிற்கும் படம்தான் இருக்கிறது. என் வகுப்பிலோ தாத்தா பாட்டியிடம் வளரும் குழந்தை, அம்மா மட்டுமே வளர்க்கும் குழந்தை, தத்தெடுக்கப்பட்ட குழந்தை, பெரியப்பா சித்தப்பா குடும்பங்களோடு ஒரே வீட்டில் இருக்கும் குழந்தை என்று பலரும் இருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்து, தன் வீட்டில் ஏதோ குறைகிறது என்று ஒரு குழந்தைகூட எண்ணிவிடக் கூடாது. அதற்காக, எல்லாக் குடும்பங்களும் ஒன்றுதான் என்று பூசி மெழுகவும் எனக்கு மனமில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில் 1 (மழலையர் வகுப்பு ஆசிரியர்)

“உன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?” என்று தொடங்காமல், “உனக்குக் காய்ச்சல் வந்தால் யார் பக்கத்தில் இருப்பார்கள்? தூங்கும்போது யார் கதை சொல்வார்கள்? நீ அடம்பிடித்தால் யார் சமாதானப்படுத்துவார்கள்?” என்று கேட்டுத் தொடங்குங்கள். ஒருவர் பாட்டி என்பார், ஒருவர் அப்பா என்பார், இன்னொருவர் அக்கா என்பார். கவனித்துக்கொள்ள எல்லோருக்கும் ஆள் இருக்கிறது என்ற ஒற்றுமையும், அந்த ஆள் வீட்டுக்கு வீடு மாறுகிறார் என்ற வேறுபாடும் குழந்தைகளின் பதில்களிலிருந்தே வெளிவந்துவிடும்.

உறவுமுறைகளை விளக்குவதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். தனக்கு ஓர் அண்ணன் இருப்பதைச் சொல்லும் சிறு குழந்தை, அந்த அண்ணனுக்கு உடன்பிறந்தவர் உண்டா என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவதை உளவியலாளர் ழான் பியாஜே 1920களிலேயே பதிவு செய்திருக்கிறார். தன்னையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது அந்த வயதில் பிடிபடுவதில்லை. ஆகவே, கட்டங்கள் அச்சிட்ட குடும்ப மரத்தைத் தவிர்த்து வெற்றுத் தாளைக் கொடுங்கள். என் வகுப்புச் சிறுமி ஒருத்தி இரண்டு வீடுகளை வரைந்து, நடுவே ஒரு பாதை போட்டு, அதில் பையோடு நடக்கும் தன்னையும் வரைந்தாள். எதற்கு இரண்டு வீடு என்று பக்கத்திலிருந்த சிறுவன் கேட்டதற்கு, “இரண்டிலும் எனக்குப் பல் துலக்கும் பிரஷ் இருக்கிறது” என்றாள். அவனும் தலையாட்டிவிட்டுத் தன் படத்துக்கு வண்ணம் தீட்டப் போய்விட்டான்.

பதில் 2 (தத்தெடுத்து வளர்க்கும் தாய்)

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் வரைந்த படத்தை எல்லோர் முன்னிலையிலும் விளக்கும்படி எந்தக் குழந்தையையும் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என் மகள் எங்களிடம் வந்த கதை அவளுக்குச் சொந்தமானது. அதை எப்போது, யாரிடம் சொல்வது என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். ‘பிறந்தவுடன் எடுத்த புகைப்படம்’ கேட்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம், ஏனெனில் சில வீடுகளில் அப்படி ஒரு படமே இருக்காது. பிடித்த படம் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னால் போதும்.

“உன் நிஜமான அம்மா எங்கே?” என்று மற்றொரு குழந்தை கேட்கக்கூடும். அதட்டாமல், “பெற்ற அம்மாவும் வளர்க்கும் அம்மாவும் நிஜமானவர்கள்தான், இவளைத் தினமும் பார்த்துக்கொள்பவர் வளர்க்கும் அம்மா” என்று இயல்பாகச் சொல்லிவிடுங்கள்.

பதில் 3 (குழந்தைகள் மனநல ஆலோசகர்)

இந்தப் பாடத்தின்போது, “எங்கள் அப்பா இறந்துவிட்டார்” என்று ஒரு குழந்தை சொல்லலாம். பதறிப்போய்ப் பேச்சை மாற்றினால், அது பேசக் கூடாத விஷயம் என்றே குழந்தை எடுத்துக்கொள்ளும். “ஆமாம், அவரும் உன் குடும்பம்தான், அவரையும் வரைய விரும்புகிறாயா?” என்று கேளுங்கள். விரும்பவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்.

அன்னையர் தினம், தந்தையர் தினம் என்று தனித்தனியாக வாழ்த்து அட்டை செய்யும் வழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால், அதற்குப் பதிலாக மே 15ஆம் தேதியைப் பயன்படுத்தலாம். அதைச் சர்வதேசக் குடும்ப தினமாக ஐக்கிய நாடுகள் சபை 1993இல் அறிவித்தது. அட்டையை யாருக்குக் கொடுப்பது என்பதைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. காய்ச்சல் பற்றிய கேள்வியோடு தொடங்குகிறேன். என்னென்ன பேசப் போகிறோம் என்று வீடுகளுக்கு முன்கூட்டியே கடிதமும் அனுப்பிவிடுகிறேன். புத்தகத்தில் உள்ள அந்தப் படத்தை மட்டும் என்ன செய்வது? அந்தப் பக்கத்தை விட்டுவிடலாமா?

பதில் 1 (மீண்டும்)

விட வேண்டாம். அப்படிப்பட்ட குடும்பத்தில் வளரும் குழந்தைகளும் உங்கள் வகுப்பில் இருப்பார்கள் அல்லவா? குழந்தைகள் வரைந்தவற்றை முதலில் சுவரில் ஒட்டிவிட்டு, பிறகு அந்தப் பக்கத்தின் நகலையும் அவற்றுக்கு இடையே அதே அளவில் ஒட்டுங்கள். “இந்த வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் யார் பார்த்துக்கொள்வார்கள்?” என்று அந்தப் படத்தைக் காட்டியும் கேளுங்கள்.