மாமாவின் ட்ரங்குப் பெட்டியில் கிடைத்த காசுகள்: வைத்துக்கொள்வதா, விற்பதா?

பள்ளத்தூர்ப் பையன் கேட்டது:

எங்கள் தாய்மாமா 24 வருடம் ராணுவத்தில் சிக்னல்ஸில் (தகவல் தொடர்புப் பிரிவு) இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். போன வருடம் தவறிவிட்டார். அவர் பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த கறுப்பு ட்ரங்குப் பெட்டி, மூடியில் வெள்ளைப் பெயிண்டால் நம்பரும் ரேங்கும் பெயரும் எழுதியது, அத்தை வீட்டுப் பரணிலேயே கிடந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க இறக்கினோம். யூனிஃபார்முக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா, அதில் 10 காசுகள். பதினோராவது அத்தையின் சாவிக்கொத்தில் இத்தனை வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது, நாங்கள் கவனித்ததே இல்லை.

காசு என்று சொன்னாலும் எதிலும் இத்தனை ரூபாய் என்று போடவில்லை. நம் பத்து ரூபாய்க் காசைவிட நல்ல அகலம், கனம். ஒன்றில் ஐ.நா.வின் நீல உலக உருண்டை. ஒன்றில் பச்சை மரம். சவுக்கு என்று நினைத்தேன், ஆனால் சவுக்கு இப்படி அகலமாகக் கிளை விரிக்காது. இன்னொன்றில் காலில் சிறகு முளைத்த ஓர் ஆள். மூன்றில் என்ன மொழி என்றே தெரியவில்லை.

இதில் ஒரு கூத்து நடந்துவிட்டது. டப்பாவிலிருந்த ஒன்றை அம்மா பித்தளைச் சாமானோடு சேர்த்துப் புளி போட்டு விளக்கிவிட்டார். இப்போது குத்துவிளக்கு மாதிரி மின்னுகிறது. பள்ளங்களில் கறுப்பாக இருந்ததெல்லாம் போய், எழுத்தைக் கண்ணை இடுக்கிக்கொண்டுதான் படிக்க வேண்டியிருக்கிறது.

மாமா மகன் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழஞ்சாமான் கடையில் காட்டியிருக்கிறான். மொத்தத்துக்கும் 2,000 ரூபாய் தருவதாகச் சொன்னார்களாம், அதுவும் சாவிக்கொத்துக் காசில் ஓட்டை இருப்பதால் அதைக் கணக்கில் சேர்க்காமல். அவன் கொடுத்துவிடலாம் என்கிறான். அத்தை வாயே திறக்கவில்லை. இவை என்ன? விலை சரியா? புளி போட்டதைச் சரிசெய்ய முடியுமா?

தேவகோட்டை சுபேதார் (ஓய்வு) எழுதியது:

தம்பி, சிறகு முளைத்த ஆள் எங்கள் கோருடைய (படைப்பிரிவு) சின்னம். ரோமானியரின் தூதுத் தெய்வம் மெர்க்குரி, நாங்கள் 'ஜிம்மி' என்போம். நானும் சிக்னல்ஸ்தான், ஜபல்பூரில் பயிற்சி. உங்கள் மாமாவும் நானும் ஒரே கோர். மரம் லெபனான் கொடியில் இருக்கிற கேதுரு. பைபிள் படித்தவர்களுக்குப் பெயர் தெரியும். மாமா அங்கே ஐ.நா. அமைதிப் படையில் இருந்திருப்பார். 1998-இல் இந்திய பட்டாலியன் அங்கே போனது.

இவற்றுக்குப் பெயர் சேலஞ்ச் காயின். மெடல் என்று நினைத்துவிடாதீர்கள். மெடல் அரசாங்கம் கொடுப்பது, அதற்கு உத்தரவு உண்டு, மார்பில் குத்த முறை உண்டு. காயின் அப்படி இல்லை. ஒரு யூனிட் தன் சின்னத்தைப் போட்டு அடித்து வைத்துக்கொள்ளும். அதன் கமாண்டரோ சீனியரோ, நன்றாக வேலை செய்தவன் என்று தனக்குத் தோன்றினால் கையில் கொடுப்பார். என் சர்வீஸில் நம் ஆட்கள் கொடுத்ததெல்லாம் கேடயமும் மரப்பலகையில் பதித்த சின்னமும்தான். காயின் அமெரிக்கர்களிடம் வளர்ந்த பழக்கம். நான் அதைக் கண்டது லெபனானில்.

2011. எங்கள் பட்டாலியன் தெற்கு லெபனானில், பக்கத்தில் மர்ஜயூனில் ஸ்பெயின்காரர்கள். ஒரு மழை இரவில் அவர்களோடு இருந்த ரேடியோ தொடர்பு அறுந்துபோனது. போய்ப் பார்த்தால் ஆன்டெனா கனெக்டருக்குள் தண்ணீர். கழற்றித் துடைத்து, காயவைத்து, டேப் சுற்றி முடிக்க விடியற்காலை மூன்று மணி. அவர்கள் சார்ஜென்ட் வந்து கைகொடுத்தார். உள்ளங்கையில் ஏதோ சில்லென்று அழுத்தியது. நம் ஊர்ப் புத்தி, ஏதோ பணம் திணிக்கிறார் என்று வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். டங்கென்று தரையில் விழுந்தது.

அடுத்த நொடி அங்கிருந்த ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராகச் சட்டைப்பையிலிருந்தும் பேன்ட் பையிலிருந்தும் ஆளுக்கொரு காயினை எடுத்து மேஜையில் டக் டக்கென்று வைத்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் சொன்னார்கள்: ஒருவன் காயினை மேஜையில் தட்டினால் அது சவால். கூட இருக்கிறவர்கள் எல்லோரும் தங்கள் காயினைக் காட்ட வேண்டும். காட்ட முடியாதவன் எல்லோருக்கும் குடிக்க வாங்கித் தர வேண்டும். எல்லோரிடமும் இருந்துவிட்டால் சவால் விட்டவன் தலையில் செலவு. தெரியாமல் கீழே போட்டாலும் சவால் விட்டதாகத்தான் கணக்காம். வாங்கிய முதல் நிமிஷமே ஆறு பேருக்கு காபி என் செலவில்! அந்தக் காயின் இப்போதும் என் பர்ஸில் இருக்கிறது. குளிக்கப் போனாலும் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கிற பழக்கம் அன்றிலிருந்து வந்தது. என் வீட்டில் சிரிப்பார்கள்.

ஓட்டை விஷயம். ஓட்டை போட்டுச் சங்கிலியிலோ சாவியிலோ கோத்துவிட்டால் அது நகை, காயின் இல்லை என்பது அவர்கள் கட்டுப்பாடு. சவாலின்போது அதைக் காட்டினால் செல்லாது. உங்கள் மாமாவுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. ஏன் போட்டார் என்று அத்தையைக் கேளுங்கள்.

இன்னொன்று, இதைத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். எந்தக் காயின் யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று தெரிந்தவர் உங்கள் அத்தை ஒருவர்தான். மாமா வந்து சொல்லப்போவதில்லை. இன்றைக்கே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் உட்காருங்கள்.

கண்டனூர் காசுக்காரன் எழுதியது:

எங்கள் ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த காசுகளில் தொடங்கி 30 வருடமாகச் சேர்க்கிறேன். ராணுவக் காயின் என்னிடம் 60 சொச்சம் இருக்கிறது. எல்லாம் விலைக்கு வாங்கியது, ஒன்றுகூடக் கையில் வாங்கியதில்லை. சுபேதார் ஐயாவின் ஒன்றுக்கு முன்னால் என் அறுபதும் நிற்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இதன் ஆரம்பம் பற்றி எல்லோரும் ஒரு கதை சொல்வார்கள். முதல் உலகப் போரில் ஒரு பணக்கார அமெரிக்க அதிகாரி தன் விமானப் படைப்பிரிவுக்கு வெண்கலக் காசு அடித்துக் கொடுத்தாராம். ஒரு விமானி ஜெர்மானியரிடம் பிடிபட்டுத் தப்பி, பிரெஞ்சுக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தபோது உளவாளி என்று சுடப் போனார்களாம். கழுத்துப் பையிலிருந்த காசைக் காட்டி உயிர் பிழைத்தாராம், அவர்கள் மன்னிப்புக் கேட்டு ஒரு பாட்டில் ஒயினும் கொடுத்தார்களாம். கதை அருமைதான். ஆனால் விமானிக்கும் பெயரில்லை, அதிகாரிக்கும் பெயரில்லை, ஆவணமும் இல்லை. நான் நம்பவில்லை. பெயரோடு சொல்லப்படுவது கொரியப் போர்க் காலத்து அமெரிக்க 17-ஆவது காலாட்படை ரெஜிமென்ட். கர்னல் வில்லியம் க்வின் எருமைச் சின்னம் போட்டுத் தன் ஆட்களுக்குக் கொடுத்தார். 1960-களில் 10-ஆவது ஸ்பெஷல் ஃபோர்ஸஸ் குரூப் கையில் அது பெரும் வழக்கமாகி, பிறகு எல்லாப் படைகளுக்கும் பரவியது. அமெரிக்க அதிபராக இருந்த கிளின்டனுடைய அதிகாரபூர்வ ஓவியத்தில்கூடப் பின்னால் காயின் அடுக்கு தெரியும்.

எங்களுக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. நகரத்தாரில் கல்யாணம் ஆனால் கோயிலில் புள்ளி (கோயில் கணக்கில் ஒரு குடும்பம்) சேர்ப்பார்கள், மாலை வரும். அந்த மாலையைக் கடையில் வாங்கினால் 50 ரூபாய். கோயிலிலிருந்து வந்தால்தான் நீ புள்ளி.

விலை: வெறும் காயினாக, 2,000 மோசமில்லை. இன்று யார் வேண்டுமானாலும் ஆர்டர் கொடுத்து எந்தச் சின்னத்திலும் அடித்துக்கொள்ளலாம் என்பதால் சந்தையில் பெரிய விலை போகாது. சுண்டிப் பாருங்கள். கணீரென்றால் பித்தளையில் அடித்தது, மொத்தென்றால் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்தது. சுபேதார் சொன்ன நோட்டு கையில் இருந்தால் நானே விலை கேட்பேன். அப்போது நீங்கள் விற்க மாட்டீர்கள், அது வேறு.

கோட்டையூர் ஆச்சி எழுதியது:

தம்பி, அம்மாவைத் திட்டாதீர்கள். பித்தளையைக் கண்டால் எங்கள் கை சும்மா இருக்காது. என் வீட்டுக்காரர் காரைக்குடி சிக்ரியில் (மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) உலோகப் பூச்சு வேலையில் இருந்தவர், அவரைக் கேட்டு எழுதுகிறேன். பள்ளத்தில் இருந்த கறுப்பு அழுக்கில்லை, பழசு மாதிரித் தெரிவதற்காக வேண்டுமென்றே ஏற்றியது. புளியின் அமிலம் அதைத் தின்றுவிட்டது. திரும்ப ஏற்றலாம், ஆனால் அது முதலில் இருந்தது ஆகாது. அப்படியே விடுங்கள் என்கிறார். மற்றதற்குப் புளி, சாம்பல், பாலிஷ் எதுவும் வேண்டாம். பஞ்சுத் துணியால் துடைத்து, விளிம்பைப் பிடித்து எடுங்கள். பி.வி.சி. உறையில் போடாதீர்கள், பச்சையாகப் பிசுபிசுத்துக் களிம்பு ஏறும். பிஸ்கட் டப்பாவே தேவலை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள்.

பள்ளத்தூர்ப் பையன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுச் சாயங்காலம் 40 பக்க நோட்டோடு அத்தை வீட்டுக்குப் போனேன். முதலில் எனக்கென்ன தெரியும் என்றார். காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தவர் எட்டு மணி வரை எழுந்திருக்கவில்லை. 11-இல் ஏழுக்கு விவரம் கிடைத்தது. அம்மா விளக்கியது, மாமா ஒரு நேபாளக்காரருக்கு ரத்தம் கொடுத்ததற்கு அவர் கொடுத்ததாம். இதைக் கேட்ட அம்மா இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

மாமா மகனும் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். கடைக்காரரிடம் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

கடைசியாகத்தான் ஓட்டையைக் கேட்டேன். அத்தை சாவிக்கொத்தை மடியில் மறைத்துக்கொண்டார். மாமா ஊருக்கு வந்ததும் முதல் காயினை அத்தை கையில்தான் கொடுத்தாராம். பெட்டியில் பூட்டி வைக்கவா கொடுத்தீர்கள் என்று இவர் மறுநாளே பட்டறைக்குப் போய் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டாராம். "மூணு நாள் உங்க மாமா எங்கூடப் பேசலப்பா" என்றார். நோட்டில் அதையும் எழுதிவிட்டேன்.