போர்ட் லூயிஸில் வேலை: எங்கே குடியிருப்பது?

கேள்வி:
வணக்கம். தஞ்சாவூரைச் சேர்ந்த நான் அடுத்த மாதம் மொரீஷியஸின் தலைநகரான போர்ட் லூயிஸில் கணக்காளராகச் சேரவிருக்கிறேன். பிரெஞ்சும் அங்குள்ளோர் பேசும் கிரியோல் மொழியும் தெரியாத நான் நகருக்குள்ளேயே வீடு பார்ப்பதா, வெளியே தங்குவதா என்று அங்குள்ள பெரியவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
வாருங்கள் தம்பி. தலைநகரம் கடலோரத்தில் இருப்பதால் டிசம்பர் முதல் மார்ச் வரை வெக்கை கடுமையாக இருக்கும். ஆகவே உள்ளே மேட்டுப் பகுதியில் இருக்கும் ரோஸ் ஹில்லில் வீடு எடுத்துக்கொண்டு மெட்ரோ ரயிலில் வந்துபோவதே நல்லது என்பேன். கியூர்பிப்பும் அதே தடத்தில்தான் இருக்கிறது, ஆனால் அங்கே மழை அதிகம், துணி காயாது.

மறுமொழி 2:
அண்ணன் சொன்னது சரி. மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கியது. ஆயினும் இங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோலே, கோயிலில் தேவாரம் பாடியவர்கூட என்னிடம் கிரியோலில்தான் நலம் விசாரித்தார். அதைக் குறையாக எண்ணாமல், சந்தைக்குப் போய் முதல் மாதத்திலேயே அம்மொழியைப் பழகுங்கள். தைப்பூசக் காவடி இங்கே அரசு விடுமுறை. அன்று தனிமை தெரியாது.

மறுமொழி 3:
எந்த அனுமதியில் வேலை செய்யப்போகிறீர்கள் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே விமானம் ஏறுங்கள், தம்பி. வாய்ச்சொல்லை நம்பி வந்த நான் 2 மாதம் சம்பளமின்றித் தவித்தேன்.