கலைச்சொல் தேவை: அழவைக்கும் கிறிஸ்துமஸ் விளம்பரத்துக்கு என்ன பெயர்?

ம.செ. (சென்னை):

நண்பர்களுக்கு வணக்கம். விளம்பரவியல் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் ஏழாம் இயல் அச்சகத்துக்குப் போயாக வேண்டும், தலைப்பிலேயே நிற்கிறேன். நவம்பர் வந்துவிட்டால் பிரிட்டனின் பெரிய கடைகள் தொலைக்காட்சியில் ஓட்டும், மனத்தை உருக்கும் கிறிஸ்துமஸ் விளம்பரங்களைப் பற்றிய இயல் இது. சோகத்தையும் விளம்பரத்தையும் ஒட்டவைத்து ஆங்கிலத்தில் 'சேட்வர்டைசிங்' என்கிறார்கள்.

இயலின் முக்கிய எடுத்துக்காட்டு 2014இல் செயின்ஸ்பரீஸ் என்ற பிரிட்டிஷ் பல்பொருள் அங்காடி வெளியிட்டது. 1914 கிறிஸ்துமஸ் சமயத்தில் முதல் உலகப் போரின் மேற்குப் போர்முனையில் சில இடங்களில் பிரிட்டிஷ், ஜெர்மன் சிப்பாய்கள் தாமாகவே சண்டையை நிறுத்தி, பதுங்குகுழியை விட்டு வெளியே வந்து கைகுலுக்கினார்கள் அல்லவா, அதைக் குறும்படம்போல எடுத்திருந்தார்கள். பிரிட்டிஷ் இளைஞன் தன் சாக்லேட்டை ஜெர்மன் இளைஞனின் கோட்டுப் பையில் அவனுக்குத் தெரியாமல் வைத்துவிடுகிறான். அதே சாக்லேட் கடையில் 1 பவுண்டுக்கு விற்றது. லாபம் 50 பென்ஸ், முன்னாள் படைவீரர்களுக்கு உதவும் ராயல் பிரிட்டிஷ் லீஜியனுக்கு. பலர் அழுது கொண்டாடினார்கள், பலர் கொதித்தார்கள். பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையத்துக்கு 800க்கும் மேற்பட்ட புகார்கள் போயின. விதிமீறல் இல்லை என்று ஆணையம் முடித்துக்கொண்டது.

இரு தரப்பையும் எடுத்து மாணவர்கள் வாதாட வேண்டும் என்பதுதான் பயிற்சி. அதனால் தலைப்பே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. 'நெகிழ்விளம்பரம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா?

க.வே. (கோவை):

அம்மா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் 'நெகிழி' என்றால் இன்று பிளாஸ்டிக். நெகிழ்விளம்பரம் என்று படித்ததும் மாணவர்களுக்கு பிளக்ஸ் பேனர்தான் நினைவுக்கு வரும். இலக்கணத்திலும் ஓர் ஐயம். நெகிழ்வது பார்ப்பவர் மனம், விளம்பரம் அல்ல. பிறவினை வேண்டும்: 'நெகிழ்த்து விளம்பரம்'.

அ.தி. (மதுரை):

க.வே. சொல்லும் இலக்கணத் தடையை ஏற்க மாட்டேன். குடிநீரில் நீர் குடிக்கவில்லை, நாம்தான் குடிக்கிறோம். வினைத்தொகை எழுவாயை மட்டுமே கேட்காது. நெகிழ்தல் பழைய சொல். சங்கத் தலைவியின் கைவளை நெகிழ்கிறது. 'ஞெகிழி' அங்கே கொள்ளிக்கட்டை, 'ஞெகிழம்' சிலம்பு. பிளாஸ்டிக் நேற்று வந்தது. அதற்காக நாம் ஏன் சொல்லை விட்டுக்கொடுக்க வேண்டும்?

ஜோ. (நாகர்கோவில்):

ஐயா, வகுப்பில் நிற்பவள் நான். கொள்ளிக்கட்டையை விளக்கிவிட்டு விளம்பரத்துக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும். 'சென்டிமென்ட் விளம்பரம்' என்றால் பிள்ளைகளுக்கு உடனே புரியும். அதையே வைத்தால் என்ன?

க.வே.:

அதிலும் குழப்பம் இருக்கிறது. தமிழில் சென்டிமென்ட் இரண்டு பொருளில் ஓடுகிறது. அம்மா சென்டிமென்ட் ஒன்று. 'சென்டிமென்டாக அந்தத் தேதியில்தான் படத்தை வெளியிடுவார்' என்பது இன்னொன்று. அங்கே அது ராசி. இயலைத் திறப்பவர் எதை எடுத்துக்கொள்வார்?

'விளம்பரம்' பற்றியும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 'விளம்பு' என்ற நல்ல வினை இருக்கும்போது 'அரம்' எதற்கு? நான்மணிக்கடிகை பாடிய விளம்பி நாகனார் பெயரிலேயே...

ஜோ.:

எங்கள் ஊரில் விளம்புவது என்றால் பந்தியில் சோறு பரிமாறுவது. 'விளம்பல்' என்று மாற்றினால் குமரி மாவட்டப் பிள்ளைகள் இலையைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அந்தச் சொல்லைத் தொடவே வேண்டாம்.

அ.தி.:

மூலத்துக்குப் போகலாம். இந்த விளம்பரங்கள் எழுப்புவது மெய்ப்பாடு, அதாவது உள்ளத்து உணர்ச்சி மெய்யில் வெளிப்படுவது. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடு சொல்கிறார். அழுகை அவற்றில் ஒன்று. அது பிறக்கும் நிலைக்களன் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. 2015இல் ஜெர்மனியில் எடேக்கா கடை வெளியிட்ட விளம்பரத்தில், கிறிஸ்துமஸுக்கு வர நேரமில்லை என்ற பிள்ளைகளை வரவழைக்க, கிழத்தந்தை தான் இறந்துவிட்டதாகச் செய்தி அனுப்புகிறார். அது இழவு; அழுகைக்குள் அப்படியே அடங்கும்.

ஆனால் 1914 விளம்பரத்தில் திரையில் யாரும் சாகவில்லை, எதையும் இழக்கவில்லை. பாட்டு, கைகுலுக்கல், பந்து விளையாட்டு, பகிர்ந்த தின்பண்டம். இது உவகை. 'செல்வம் புலனே புணர்வு விளையாட்டென அல்லல் நீத்த உவகை நான்கே' என்கிறார். விளையாட்டு அங்கேயே இருக்கிறது. 'அல்லல் நீத்த' என்பதைக் கவனியுங்கள். எதிர்த்தவர்களின் முழுக் கோபமும் அந்த இரண்டு சொல்லில் அடங்கிவிடுகிறது: அல்லலே இல்லாததுபோல் ஒரு போரைக் காட்டிவிட்டார்கள் என்பதுதானே அவர்கள் குற்றச்சாட்டு? ஆகவே 'சோக விளம்பரம்' கட்டாயம் தவறு. 'மெய்ப்பாட்டு விளம்பரம்' என்பதே சரி.

சி.பா. (லண்டன்):

அந்த விளம்பரம் வந்தபோது இங்கே இருந்தேன். என்னோடு வேலை செய்தவர்கள் நாள் முழுக்க அதைப் பற்றியே கதைத்தார்கள். அழுதவர்களை ஏமாளிகள் என்று நான் நினைக்கவில்லை. 100ஆம் ஆண்டு நினைவு அது. தாத்தாவின், பூட்டனின் படங்களை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த மக்கள். லீஜியனே பங்காளியாக இருந்ததால் மனம் உறுத்தவில்லை என்றார்கள்.

எனக்கு உறுத்தியது. நான் யாழ்ப்பாணத்தில் பதுங்குகுழிக்குள் படித்து வளர்ந்தவன். அந்தச் சேறு அவ்வளவு சுத்தமாக இருக்காது. 1914இலும் அன்றைக்கு எல்லா இடத்திலும் சண்டை நிற்கவில்லை. கிறிஸ்துமஸ் நாளிலும் ஆட்கள் செத்தார்கள். அந்தப் போர்முனையில் இந்தியச் சிப்பாய்களும் நின்றார்கள். கார்வால் படைப்பிரிவு ஒன்றும் அந்தச் சண்டை நிறுத்தத்தில் கலந்துகொண்டது. கதையோ இரண்டு வெள்ளை இளைஞரைச் சுற்றியே போகிறது. இதை இயலில் சேர்க்க முடியுமா என்று பாருங்கள், அக்கா.

சொல்லைப் பற்றிக் கேட்டால், 'பாச விளம்பரம்' என்பேன். பாசம் அன்புதான், கயிறும்தான். சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கொண்டாடியவர் அன்பைப் படிப்பார், கொதித்தவர் கயிற்றைப் படிப்பார்.

ம.செ.:

சி.பா., கார்வால் செய்தியை ஓரக் குறிப்பாகச் சேர்க்கப் பதிப்பாளரிடம் கேட்கிறேன். பாசம் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் முன்பின் தெரியாத இரண்டு எதிரிகளுக்கிடையில் நடந்ததைப் பாசம் என்றால் பொருந்துமா? வீட்டுக்குள் நடப்பதைத்தான் நாம் அப்படிச் சொல்வோம். எடேக்காவுக்கு ஒத்துவரும், இதற்கு ஒத்துவராது.

ஜோ.:

'உருக்க விளம்பரம்'? உருக்கமாகப் பேசினார், உருக்கமான காட்சி என்று நாளிதழிலேயே வருகிறது. புகழ்ச்சியும் இல்லை, வசையும் இல்லை. பார்த்தவருக்கு என்ன நேர்ந்தது என்பதை மட்டும் சொல்கிறது.

க.வே.:

ஓர் எழுத்து பிசகினால் 'உருக்கு விளம்பரம்' ஆகிவிடும். அது கட்டுமானக் கம்பி விற்பது. பிழைதிருத்துநர் கண்ணில் தப்பினால் என்ன செய்வது?

ம.செ.:

அதை நானே இருமுறை பார்த்துக்கொள்கிறேன், அண்ணா. பதிப்பாளர் இன்று மீண்டும் அழைத்தார். ஜோ.வும் நானும் 'உருக்க விளம்பரம்' பக்கம். தலைப்பில் அதையே இடுகிறேன். சொல்லடைவில் 'நெகிழ்த்து விளம்பரம்' மாற்றுச் சொல்லாக வரும். அ.தி. ஐயா அல்லல் நீத்த உவகை பற்றிச் சொன்னதைப் பயிற்சி வினாவாக மாற்றியிருக்கிறேன்: 'போரின் அல்லலை நீக்கிவிட்டு அதன் ஒரு நாளை மட்டும் காட்டலாமா? இரு தரப்பிலும் நின்று எழுதுக.'

அ.தி.:

வினா நன்று. தலைப்புக்கு என் உடன்பாடு இல்லை. உருக்கம் பார்ப்பவரின் நிலை. அதை எழுப்புவதற்கென்று காட்சியை அடுக்கியவனின் செய்கை அந்தச் சொல்லில் எங்கே இருக்கிறது? மாணவர் ஆராய வேண்டியது அவனை. தொல்காப்பியத்துக்குப் பேராசிரியர் என்னும் பழைய உரையாசிரியர் எழுதிய உரையோடு விரிவாக நாளை எழுதுகிறேன்.

க.வே.:

செய்கை வேண்டும் என்றால் பிறவினைதான் வேண்டும், ஐயா. அதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்.