பள்ளிக்கரணையில் கோரைக்கு மேல் பறந்தது எந்தப் பருந்து?

கரைமேட்டான்: ஜனவரி ஞாயிறு காலை, சென்னை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் ரேடியல் சாலைப் பக்கம் நின்று எடுத்த மூன்று படங்கள். காக்கையைவிடப் பெரிது. உடம்பு சாக்லேட் பழுப்பு, உச்சந்தலையும் தொண்டையும் வெண்ணெய் நிறம். மீன் பிடிக்கும் விராலடிப்பானா?

நீர்க்காகம்: இல்லை. விராலடிப்பானுக்கு வயிறு பளிச்சென்று வெள்ளை, கண் வழியாக ஒரு கறுப்புப் பட்டை ஓடும். இது செம்பருந்தின் இளசு. வெள்ளைத் தலையும் செங்கல் நிற உடம்பும் வளர்ந்த பிறகுதான். முதல் வருடம் வெறும் பழுப்பு. தண்ணீர் ஓரம், வெளிறிய தலை, வேறென்ன வேண்டும்?

சம்பங்கோரை: இறக்கை வேண்டும் சார். மிதக்கும்போது இரண்டையும் மேலே தூக்கிப் பிடித்திருக்கிறது. செம்பருந்து சமமாக விரிக்கும். வாலும் நீளம், இறக்கையின் முன்விளிம்பில்கூட வெண்ணெய் நிறம். சேற்றுப் பூனைப்பருந்து, பெண். குளிர்காலத்துக்கு வந்த விருந்தாளி.

நீர்க்காகம்: காற்றடித்தால் காக்கைகூட இறக்கையைத் தூக்கும். இருபது வருடமாக ஏரிக்கரையில் செம்பருந்து பார்க்கிறேன்.

சம்பங்கோரை: இருபது வருடத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் இளம் செம்பருந்துக்கு இறக்கையின் அடியில், நுனிச் சிறகுகள் தொடங்கும் இடத்தில், வெளிறிய திட்டு இருக்குமே, அது எங்கே? முதல் படத்தில் அடிப்பக்கம் ஒரே இருட்டு. கரைமேட்டான், இரை எப்படித் தேடியது?

கரைமேட்டான்: கோரைக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில் போய்க்கொண்டே இருந்தது. திடீரென்று காலைத் தொங்கவிட்டு உள்ளே விழுந்தது. நாமக்கோழிகள் எல்லாம் தண்ணீரை உதைத்துக்கொண்டு ஓடின. எழுந்தபோது காலில் ஒன்றுமில்லை.

சம்பங்கோரை: அதுதான் பூனைப்பருந்து. கண்ணோடு காதையும் வைத்து வேட்டையாடும். முகம் கொஞ்சம் ஆந்தை ஜாடையில் இருப்பது அதனால்தான். கோரைக்குள் எலி, தவளை அசைந்தால் போதும். செம்பருந்து பெரும்பாலும் நீர்ப்பரப்பில் மிதக்கும் மீனைக் காலால் அள்ளிக்கொண்டு போகும், இப்படிக் கோரையைச் சல்லடை போடாது.

நீர்க்காகம்: சரி, முதல் இரண்டு படம் உங்களுக்கு. மூன்றாவதைப் பெரிதாக்கிப் பாருங்கள். குட்டை வால், சமமான இறக்கை, நீங்கள் கேட்ட அதே வெளிறிய திட்டு. இப்போது சொல்லுங்கள்.

சம்பங்கோரை: அட, ஆமாம். அது இளம் செம்பருந்துதான். உண்மையைச் சொன்னால், மூன்றாவதை நான் திறக்கவே இல்லை.

கரைமேட்டான்: நடுவில் டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து எடுத்தது அந்த மூன்றாவது. அதே பறவை என்றே நினைத்துவிட்டேன்.

நீர்க்காகம்: டீக்கு முன், டீக்குப் பின் என்று பெயர் போட்டு வையுங்கள் தம்பி.