பச்சைத் தேயிலை விலைக்கு கிராம சபைத் தீர்மானம் போட்டா பிரயோஜனம் உண்டா?

தூனேரிக்காரன்: அக்டோபர் 2 கிராம சபை வருது. உற்பத்திச் செலவாவது கட்டுற மாதிரி பச்சை இலைக்குக் குறைந்தபட்ச விலை வேணும்னு நீலகிரியில இருக்கிற 35 ஊராட்சியும் ஒரே வாசகத்துல தீர்மானம் போடணும். ஒரு ஊர் கேட்டா அது மனு. எல்லா ஊரும் கேட்டா?

மஞ்சூர் மணி: தம்பி, எங்களது கீழ்குந்தா பேரூராட்சி. கிராம சபையே கிடையாது! சரி, அதை விடு. குன்னூர் ஏலத்துல தூள் போற விலையில 65 பங்கு இலைக்கு, 35 பேக்டரிக்கு. அதை வச்சு தேயிலை வாரியம் மாசாமாசம் சராசரி விலை அறிவிக்குது. ஏலம் விழுந்தா இலையும் விழும். தீர்மானம் போட்டு ஏலத்தை ஏத்த முடியுமா?

தூனேரிக்காரன்: அறிவிச்ச விலையாவது முழுசா கைக்கு வருதா அண்ணா? போன மாசம் ஒரு பேக்டரியில இலை போட்டேன். காலைல மழை. தராசுல 62 கிலோ, என் கண்ணால பார்த்தேன். சீட்டுல 55. ஈரக் கழிவாம். கேட்டதுக்கு, "வேணாம்னா எடுத்துட்டுப் போ"ன்னுட்டான். நனைஞ்ச இலையைத் தூக்கிட்டு எங்க போறது? மூட்டையிலயே சூடேறி சிவந்துடும். பத்துப் பேரா நின்னிருந்தா அந்தப் பேச்சு வந்திருக்காது. அதுக்குத்தானே கூட்டுறவு? 1965ல கூட்டுறவுத் தேயிலை பேக்டரிகளோட இணையம் இண்ட்கோசர்வ் வந்துச்சு, இன்னைக்கு அதுக்குக் கீழ 16 பேக்டரி. அரை ஏக்கர்காரனுக்கும் அஞ்சு ஏக்கர்காரனுக்கும் ஒரே ஓட்டு.

மஞ்சூர் மணி: ஓட்டு ஒண்ணுதான், இலை எங்க போகுது? நானும் உறுப்பினர்தான், அப்பா காலத்துப் பங்கு. வெளியில ரெண்டு ரூபா கூடக் கிடைச்சா ஏஜென்ட் வண்டி வாசல்ல நிக்கும். நல்ல கொழுந்து அதுல ஏறும், முத்தின இலை கூட்டுறவுக்குப் போகும். அப்புறம் கூட்டுறவுத் தூள் ஏலத்துல விலை போகலைன்னு நாமளே ஒப்பாரி வைப்போம். நானே செஞ்சிருக்கேன். மக்கள் சக்தி, மண்ணாங்கட்டி.

கோத்தகிரி செல்வி: அண்ணன்மாரே, இலையைப் பறிச்சவங்க பேச்சே வரலையே? எங்க தாத்தா பாட்டி 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துல இலங்கையில இருந்து வந்தவங்க. அப்படி வந்தவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968ல அரசுத் தேயிலைத் தோட்டம், டேன்டீ, வந்துச்சு, ஆனா எங்க வீட்டுக்கு அதுல இடம் கிடைக்கல. அம்மா உங்களை மாதிரி சிறு விவசாயிங்க தோட்டத்துல கிலோ கணக்குல பறிக்கிறாங்க. சொந்தத் தோட்டம் இல்ல, அதனால கூட்டுறவுல ஓட்டும் இல்ல. தூனேரி அண்ணா, அந்த 7 கிலோ கழிச்ச அன்னைக்கு, பறிச்சவங்களுக்கு எத்தனை கிலோவுக்குக் கூலி கொடுத்தீங்க?

தூனேரிக்காரன்: 55க்கு.

மஞ்சூர் மணி: உண்மையைச் சொன்னியே, அது வரைக்கும் சரி. ஆனா செல்வி, உரம், மருந்து, வண்டி வாடகை எல்லாம் போனா எங்க கையில என்ன நிக்குது? இலை விலை ஏறாம கூலியை எங்கிருந்து ஏத்தறது?

கோத்தகிரி செல்வி: இலை விலை ஏறின மாசம் கூலி ஏறினதா எனக்கு ஞாபகம் இல்ல அண்ணா. கூட்டுறவுல இல்லாட்டியும், வாக்காளர் பட்டியல்ல அம்மா பேர் இருக்கு, கிராம சபையில கை தூக்கலாம். தோட்டத்துல போட்ட எடைக்கே கூலி, பறிச்சவங்க கையிலயும் சீட்டு. தீர்மானத்துல இந்த வரி இருந்தா வர்றோம். இல்லன்னா அன்னைக்கு லீவு, துணி துவைக்கணும்.

தூனேரிக்காரன்: அந்த வரியைச் சேர்த்தா எங்க ஊர்ல பாதிப் பேர் எந்திரிச்சுப் போயிடுவாங்க. இருந்தாலும் எழுதி அனுப்பு, படிச்சுப் பார்க்கிறேன்.

மஞ்சூர் மணி: எனக்கும் ஒரு காப்பி அனுப்பும்மா. இங்க எந்த சபையில வைக்கிறதுன்னுதான் தெரியல.