மழைக்கு மூன்று மாதம் வண்டியை நிறுத்தப் போகிறேன்: வாரம் ஒரு கிக்கா, தொடாமல் விடுவதா?

வியாசை_ஸ்பிளெண்டர்:
கப்பல் வேலை எனக்கு. அக்டோபரில் ஏறினால் பொங்கலுக்குத்தான் இறங்குவேன். வண்டி 2012 ஸ்பிளெண்டர், கார்ப்பரேட்டர் மாடல். வீடு வியாசர்பாடியில் தரைத்தளம், தெருவைவிட அரை அடிதான் உயரம். வாரம் ஒருமுறை தம்பி ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் விடட்டும் என்கிறார் அப்பா. பேட்டரியைக் கழற்றிவிட்டு வண்டியைத் தொடவே கூடாது என்கிறார் தெரு மெக்கானிக். எது சரி?

காசிமேட்டு_கிக்கர்:
அப்பா சொல்வதுதான் சரி. என் வண்டி ஆர்எக்ஸ் 100. 2020 ஊரடங்கில் இரண்டு மாதம் அப்படியே விட்டேன். கிளட்ச் பிளேட் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. கியர் போட்டாலே வண்டி அணைந்துவிடும். திரும்பத் திரும்பக் கிக்கர் அடித்து முட்டி வீங்கியதுதான் மிச்சம்.

பழைய_ஸ்பேனர்:
கிக்கர் அண்ணா, ஒட்டியது கிளட்ச். அதற்கு இன்ஜினை ஏன் ஓட்ட வேண்டும்? கியரைப் போட்டு, கிளட்சை அமுக்கிக்கொண்டு வண்டியை நாலடி தள்ளினால் பிளேட் விட்டுவிடும். ஐந்து நிமிட ஐடிலிங்தான் பெரிய கேடு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வரும். சைலன்சர் நன்றாகச் சூடாகியிருந்தால் அது வெளியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் அணைத்தால் உள்ளேயே தங்கும். அப்புறம் சைலன்சரை அடிப்பக்கம் தட்டிப் பாருங்கள், துரு பொலபொலவென்று கொட்டும்.

காசிமேட்டு_கிக்கர்:
அப்படியானால் பேட்டரி? ஓட்டாமல் விட்டால் செத்துவிடுமே.

பழைய_ஸ்பேனர்:
ஐடிலிங்கில் ஏறும் சார்ஜ் சொற்பம். செல்ஃப் போட்டால் அதற்கே சரியாகிவிடும். கழற்றி வீட்டுக்குள் வைத்து மாதம் ஒருமுறை சார்ஜ் செய்தால் போதும். 12.4 வோல்ட்டுக்குக் கீழே போய் அப்படியே கிடந்தால்தான் உள்ளே தகட்டில் சல்பேட் படிந்து பேட்டரி கெடும். கழற்றும்போது மைனஸ் வயரை முதலில் எடுங்கள். வாராவாரம் ஸ்டார்ட் செய்துதான் தீர வேண்டும் என்றால், தம்பி திருவொற்றியூர் வரை போய்த் திரும்பட்டும். அரை மணி நேரம் சூடேறினால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

எர்ணாவூர்_ரைடர்:
இரண்டு பேரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். வீடு தெருவைவிட அரை அடி உயரம் என்கிறார். வியாசர்பாடியில் அரை அடி எம்மாத்திரம்? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் மிதந்து வந்தது. என் வண்டி சீட் வரை முழுகிக் கிடந்தது. தண்ணீர் வடிந்ததும் ஆசையில் கிக்கரை ஓங்கி மிதித்தேன், பாதியில் நின்றுவிட்டது. நல்லவேளை, பக்கத்து வீட்டு அண்ணன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றச் சொன்னார். கழற்றி மிதித்தால் ஓட்டை வழியாகத் தண்ணீர் முகத்தில் அடிக்கிறது. இன்ஜின் ஆயிலை இறக்கினால் டீக்கடைப் பால் டீ நிறம். தண்ணீர் உள்ளே இருக்கும்போதே செல்ஃப் போட்டிருந்தால் பிஸ்டனோடு சேர்ந்த கனெக்டிங் ராடே வளைந்திருக்கும். தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் வெள்ளத்துக்குப் பைசா வராது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் வண்டி நிற்கும் உயரத்தைப் பேசுங்கள்.

காசிமேட்டு_கிக்கர்:
இதை ஒப்புக்கொள்கிறேன். கூடவே ஒன்று, பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு இறுகக் கட்டாதீர்கள். ஈரம் உள்ளேயே வேகும். எங்கள் கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றும் சேர்ந்து ஸ்போக்கைத் தின்றுவிடும். பழைய பருத்திப் போர்வை போதும். செயினுக்கும் ஸ்போக்குக்கும் எண்ணெய் தடவி, சைலன்சர் வாயில் துணி அடைத்துவிடுங்கள், எலி போகாது. ஆனால் டேங்க்கைக் காலியாகத்தான் வைக்க வேண்டும். இப்போது வரும் எத்தனால் பெட்ரோல் ஈரத்தை இழுக்கும்.

பழைய_ஸ்பேனர்:
இழுக்கும்தான். காலி டேங்க்கில் காற்றும் ஈரமும் புகுந்து உள்சுவரில் துரு பிடிக்குமே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? கழுத்து வரை நிரப்பினால் காற்றுக்கு இடமே இல்லை. கார்ப்பரேட்டரை மட்டும் காலி செய்யுங்கள். பெட்ரோல் காக்கை மூடி, அடியில் உள்ள திருகைத் தளர்த்தினால் வடிந்துவிடும். அங்கே பெட்ரோலை விட்டுவைத்தால்தான் ஜெட் என்கிற பொடி ஓட்டையில் பிசின் அடைக்கும்.

காசிமேட்டு_கிக்கர்:
வீட்டு வாசலில் பத்து லிட்டர் பெட்ரோலா? நான் வைக்க மாட்டேன்.

வியாசை_ஸ்பிளெண்டர்:
உயரம் என்றதும் நினைவுக்கு வந்தது. மாடிப்படி முதல் திருப்பத்தில் ஒரு மேடை இருக்கிறது, ஆறு படி ஏற வேண்டும். 2015லும் 2023லும் தண்ணீர் அங்கே ஏறவில்லை. நாலு பேர் பிடித்தால் தூக்கிவிடலாம். ஆனால் அங்கே மாடிவீட்டுக்காரர் சைக்கிள் நிற்கிறது.

பழைய_ஸ்பேனர்:
மாடிப்படி என்றால் டேங்க் விஷயத்தில் நான் இறங்கி வருகிறேன். கிக்கர் அண்ணா சொன்னபடியே வடித்துவிடுங்கள், உள்ளே கொஞ்சம் இன்ஜின் ஆயிலை ஊற்றிக் குலுக்கிவிடுங்கள். தூக்கவும் எடை குறையும்.

வியாசை_ஸ்பிளெண்டர்:
சரி. மாடிவீட்டுக்காரருக்கு மீன் வாங்கிக் கொடுத்துத்தான் பேச்சை ஆரம்பிக்க வேண்டும். வஞ்சிரமா, சங்கராவா?

காசிமேட்டு_கிக்கர்:
வஞ்சிரம் விற்கும் விலைக்குப் புது பேட்டரியே வாங்கிவிடலாம். சங்கரா போதும். விடிவதற்குள் வாருங்கள், ஏலத்தில் எடுத்துத் தருகிறேன்.