மாடல் எம் விசைப்பலகைக்குள் இருப்பது எவ்வகை சுவிட்ச்?

கேள்வி: பழைய சாமான் கடையில் வாங்கிய, 1989 என்று பின்புறம் அச்சிடப்பட்ட ஐபிஎம் மாடல் எம் விசைப்பலகையில் ஒரு விசைமூடியைக் கழற்றிப் பார்த்தேன், குழலுக்குள் ஒரு சுருள்வில் மட்டுமே நிற்கிறது. செர்ரி நிறுவனத்தின் சுவிட்சுகள் கொண்ட விசைப்பலகைகளில் உள்ளதுபோல், விசைக்கு ஒன்றாகத் தனித்தனி சுவிட்சுகள் இதில் இல்லையா?

பதில் 1: இல்லை. அழுத்தும்போது சுருங்கும் வில் ஒரு கட்டத்தில் திடீரெனப் பக்கவாட்டில் மடங்க, அதன் அடியிலுள்ள சிறு சுத்தி சாய்ந்து மெம்பிரேன் எனப்படும், மின்சுற்று அச்சிட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள்களை ஒன்றோடொன்று சேர்க்கிறது. ‘டக்’கென்ற ஒலியும் ஏறத்தாழ அதே கணத்தில்தான் பிறக்கிறது.

பதில் 2: 1981இல் ஐபிஎம் பிசியுடன் வந்த மாடல் எஃப்பிலும் மடங்கும் வில்தான், ஆனால் அங்கே மெம்பிரேன் கிடையாது, மின்தேக்குத்திறனின் (மின்னேற்றத்தைத் தேக்கும் திறனின்) மாற்றத்தை உணரும் பலகை உண்டு. என் விரலுக்கு அதுவே மேல்.

பதில் 3: மெல்லக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே துணுக்குகள் உருண்டால், அடியிலுள்ள உலோகத் தகட்டைப் பிணைத்திருக்கும் பிளாஸ்டிக் தறையாணிகள் (ரிவெட்டுகள்) உடைந்திருக்கக்கூடும்; அவற்றுக்குப் பதிலாகச் சிறு போல்ட்டுகளைப் பொருத்தலாம்.